இரவுப் பணித் தடையும் விடுதிக் கதவும்: கொங்கு வட்டார நூற்பாலைப் பெண் தொழிலாளரின் சட்டப் பாதுகாப்பு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கோயம்புத்தூரை மையமாகக் கொண்ட கொங்கு வட்டார நூற்பாலைகளில் பெண் தொழிலாளருக்கெனச் சட்டம் வழங்கிய பாதுகாப்புகள் 1948 முதல் அண்மைக் காலம் வரை எவ்வாறு மாறின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொழிற்சாலைகள் சட்டத்தின் இரவுப் பணித் தடை, அதனை நீக்கிய 2000ஆம் ஆண்டின் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு, சுமங்கலித் திட்டம் எனப்பட்ட விடுதிவழி வேலைமுறை, அதற்கு எதிரான ஐரோப்பிய மனித உரிமைப் பரப்புரை, ஜெர்மனியின் வழங்கல் சங்கிலிச் சட்டம் ஆகியன இதில் ஒரே வரலாற்றின் பகுதிகளாக வைத்துப் பார்க்கப்படுகின்றன. பெண் தொழிலாளர் எந்த நேரத்தில், எந்த இடத்தில் இருக்கலாம் என்பதில் சட்டம் காட்டிய அக்கறையை அவரைத் ‘தொழிலாளர்’ என ஏற்பதில் காட்டவில்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: நூற்பாலை, இரவுப் பணி, தொழில் பழகுநர், சுமங்கலித் திட்டம், கொத்தடிமை, வழங்கல் சங்கிலிச் சட்டம், கொங்கு நாடு

முன்னுரை

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர் கவுண்டம்பாளையத்தைக் கடந்து துடியலூரை அடைவர். 2011இல் மாநகராட்சியுடன் இணையும்வரை துடியலூர் தனிப் பேரூராட்சியாக இருந்தது. அதற்கு வடக்கே, பெரியநாயக்கன்பாளையத்தில், 1962இல் தொடங்கப்பட்ட நூற்பு இயந்திரத் தொழிற்சாலை அமைந்துள்ளது. இந்திய நூற்பாலைகளில் ஓடும் ரிங் பிரேம்களில் கணிசமானவை இச்சாலை ஓரத்தில் உருவானவை. இயந்திரத்தைப் பற்றியும் அதை உருவாக்கிய முதலாளிகளின் முயற்சியைப் பற்றியும் கோவையின் தொழில் வரலாறு நிறையப் பேசுகிறது. அந்த ரிங் பிரேமின் முன் நடந்து, அறுந்த இழையை ஒட்டுபவர் யார், அவர் எந்நேரத்தில் நிற்கிறார், வேலை முடிந்தபின் எங்கே போகிறார் என்ற கேள்விகள் அவ்வரலாற்றில் ஓரத்திலேயே நிற்கின்றன. இக்கேள்விகளுக்கான விடைகளை ஆலையின் தேவை மட்டும் தீர்மானிக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் சட்டமும் அவற்றைத் தீர்மானித்திருக்கிறது.

இரவு மூடப்பட்ட காலம்

1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலையுடன் கோவையின் ஆலைத் தொழில் தொடங்கியது. 1930களின் தொடக்கத்தில் பைகாரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகளின் எண்ணிக்கை வேகமாகப் பெருகியது. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து நடந்து வந்து வேலை செய்த பெண்கள் அக்காலத் தொழிலாளர் படையில் குறிப்பிடத்தக்க பங்கினர். ரீலிங், வைண்டிங் பிரிவுகள் பெரிதும் அவர்கள் கையில் இருந்தன. தென்னிந்தியாவின் நான்கு நெசவாலை மையங்களின் தொழிற்சங்க வரலாற்றை ஒப்பிட்டு ஈமன் மர்ஃபி எழுதிய நூல் (1981) கோவையையும் அவற்றுள் ஒன்றாகக் கொண்டது. எனினும் 1939உடன் நின்றுவிடும் அவ்வாய்வின் எல்லைக்கு அப்பால்தான் பெண்கள் ஆலையைவிட்டு வெளியேறும் கதை தொடங்குகிறது.

ஆலைக்குள் பெண்ணின் பாதுகாப்பு அன்றே ஓர் அரசியல் சிக்கலாக இருந்தது. சின்னியம்பாளையம் தியாகிகள் எனப்படும் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் ஆகிய நான்கு ஆலைத் தொழிலாளர் 1946 சனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வழக்குக்குக் காரணமான மோதலின் பின்னணியில் ஆலைத் தொழிலாளியான ஒரு பெண் மீது நிகழ்த்தப்பட்ட வன்கொடுமை இருந்தது எனத் தொழிற்சங்க நினைவு மரபு குறிப்பிடுகிறது. நால்வரின் பெயர்கள் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றன. அப்பெண்ணோ பெரும்பாலும் அவர்களது கதையின் தொடக்க வரியாக மட்டுமே நிற்கிறார். கூலி, பஞ்சப்படி, போனசு ஆகியவற்றைப் பேசிய அளவுக்குப் பெண்ணின் உடல் பாதுகாப்பைத் தொழிலுரிமையாகத் தொழிற்சங்க வரலாறு பேசவில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், 1948, இச்சிக்கலுக்குத் தன் வழியில் விடை கண்டது. அதன் 66ஆம் பிரிவு பெண்களைக் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை மட்டுமே வேலை வாங்கலாம் என வரையறுத்தது. மாநில அரசு இந்நேரத்தைத் தளர்த்தலாம். ஆனால் இரவு 10 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையில் தளர்த்த இயலாது. இவ்விதி இந்தியாவில் மட்டும் தோன்றியதன்று. 1906இல் பெர்ன் நகரில் ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, 1919இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 4ஆம் உடன்படிக்கை, 1948இன் 89ஆம் உடன்படிக்கை என நீண்ட தொடர்ச்சி அதற்கு உண்டு. பெண்ணை இரவிலிருந்து காப்பது தொழிலாளர் இயக்கத்தின் வெற்றியாகவே ஐரோப்பாவில் கருதப்பட்டது.

கோவையில் அதன் விளைவு வேறாக இருந்தது. நூற்பு இயந்திரம் விலை உயர்ந்தது. அது ஓடாமல் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆலைக்கு நட்டம். எனவே மூன்று ஷிப்டு முறை பரவியது. மூன்றாம் ஷிப்டுக்கு வர இயலாத தொழிலாளர் நிர்வாகத்தின் கணக்கில் முழுமையற்ற தொழிலாளர் ஆனார். மகப்பேற்றுப் பலன், கூலிச் சீரமைப்பு ஆகியனவும் அதே திசையில் தள்ளின. பெண்ணுக்கு ஆணின் கூலியையே தரவேண்டும் என்றால், இரவிலும் வரக்கூடிய ஆணையே வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு எளியது. பெண்கள் ஒரே நாளில் வெளியேற்றப்படவில்லை. ஓய்வு பெற்றவரின் இடத்தில் ஆண் வந்தார், அவ்வளவே. அடுத்த முப்பது ஆண்டுகளில் நிரந்தரத் தொழிலாளர் என்றாலே ஆண் என்னும் நிலை கோவை ஆலைகளில் உருவானது. தொழிற்சங்கங்களும் அவ்வடிவத்தையே தம் உறுப்பினரின் இயல்பான வடிவமாக ஏற்றன.

1992, 2000: இரு தீர்ப்புகள்

இரவுத் தடை முதலில் தளர்ந்தது அது பிறந்த இடத்தில்தான். 1991இல் ஸ்டோக்கல் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், பெண்களுக்கு மட்டும் இரவுப் பணியைத் தடுத்த பிரெஞ்சுச் சட்டம் சமநடத்தை விதிக்கு முரண் எனத் தீர்ப்பளித்தது. 1992 சனவரி 28 அன்று ஜெர்மனியின் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் தன் நாட்டுத் தடையைச் செல்லாது என்றது. அத்தடை உடலுழைப்புப் பெண் தொழிலாளருக்கு மட்டுமே பொருந்தியது. அலுவலகப் பணிப் பெண்களுக்குப் பொருந்தவில்லை. இரவு வேலை உடல்நலத்தைக் கெடுக்கும் என்றால் அது ஆண், பெண் இருவரையும் கெடுக்கும் என நீதிமன்றம் கண்டது. இரவில் தெருவில் பெண்களுக்கு உள்ள ஆபத்தைச் சுட்டிய வாதத்தையும் அது ஏற்கவில்லை. தெருவைக் காப்பது அரசின் கடமை. அக்கடமையிலிருந்து விலகிக்கொள்ளப் பெண்ணின் தொழிலுரிமையைக் குறைக்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். இதன்பின் 1994இல் வந்த வேலைநேரச் சட்டம் மருத்துவப் பரிசோதனை, பகல் பணிக்கு மாற்றம் கோருதல் முதலிய உரிமைகளை இரவுப் பணியாளர் அனைவருக்கும் பொதுவாக்கியது.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான தீர்ப்பு 2000 டிசம்பரில் வந்தது. ஆர். வசந்தா எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம், 66ஆம் பிரிவின் இரவுத் தடை அரசமைப்பின் 14, 15ஆம் உறுப்புகள் முதலியவற்றுக்கு முரண் எனக் கூறி அதை நீக்கியது. பெண்களுக்கெனச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம்தரும் 15(3)ஆம் உறுப்பு, பெண்ணின் வேலைவாய்ப்பைப் பறிப்பதற்கான கருவி அன்று என்பது தீர்ப்பின் அடிப்படை. தடையை எடுத்த நீதிமன்றம் அந்த இடத்தை வெறுமையாக விடவில்லை. குழுவாகப் பணியமர்த்தல், போக்குவரத்து வசதி, பெண் மேற்பார்வையாளர், பாலியல் தொந்தரவுத் தடுப்பு எனப் பல நிபந்தனைகளை விதித்தது. ஆலை தங்குமிடம் தருமாயின் அது பெண்களுக்கு மட்டுமானதாகவும் பெண் காப்பாளரின் பொறுப்பிலும் இருக்கவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று.

இரு தீர்ப்புகளும் ஒரே கொள்கையைப் பேசின; பின்தொடர்ந்தவை வேறுபட்டன. ஜெர்மனியில் இரவுப் பாதுகாப்பு பணியாளர் என்ற நிலையோடு இணைந்தது. தமிழ்நாட்டில் அது பெண்களுக்கான நிபந்தனைப் பட்டியலாக, தொழிற்சாலை ஆய்வாளரின் கண்காணிப்பை நம்பி நின்றது. வீட்டிலிருந்து அழைத்து வந்து வீட்டில் விடும் செலவைவிட ஆலை வளாகத்துக்குள்ளேயே தங்கவைப்பது மலிவு. விடுதிவழி வேலைமுறையைத் தீர்ப்பு உருவாக்கியது என்று கூறுவது தவறாகும். அம்முறை 1990களிலேயே கோவை, திண்டுக்கல் வட்டாரங்களில் வேரூன்றத் தொடங்கிவிட்டது. ஆனால் அதன் இரவு நேரத்துக்கு இருந்த சட்டத் தடை 2000இல் அகன்றது.

அதிலும் ஒரு நுட்பம் கவனிக்கப்படாமலே போனது. தீர்ப்பு தொட்டது வயதுவந்த பெண்களுக்கான 66ஆம் பிரிவை மட்டுமே. பதினெட்டு வயது நிரம்பாத வளரிளம் பெண்களைக் காலை 6 முதல் மாலை 7 மணிக்கு அப்பால் பணியமர்த்தக் கூடாது என்னும் 70(1அ) பிரிவு அப்படியே நடைமுறையில் இருந்தது. பதினாறு, பதினேழு வயதுச் சிறுமிகள் மூன்றாம் ஷிப்டில் ரிங் பிரேம் பார்த்தது தீர்ப்புக்குப் பின்னும் குற்றமே. வயதுச் சான்றிதழின் நம்பகம் மட்டுமே இந்தப் பாதுகாப்பைத் தாங்கி நின்றது.

சுமங்கலி என்னும் பெயர்

சுமங்கலித் திட்டம், திருமகள் திருமணத் திட்டம், மாங்கல்யத் திட்டம் எனப் பல பெயர்களில் அறியப்பட்ட ஏற்பாட்டின் வடிவம் ஒன்றே. திருமணமாகாத இளம்பெண் மூன்று ஆண்டுகள் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்வார். மாதந்தோறும் சிறு தொகை தரப்படும்; உணவு, தங்குமிடத்துக்கான தொகை அதில் கழியும். மூன்று ஆண்டும் முடித்தால் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என ஒரு மொத்தத் தொகை கிடைக்கும். இடையில் நின்றால் அத்தொகை கிடைக்காது. வானம் பார்த்த தென்மாவட்டச் சிற்றூர்களிலிருந்து தரகர்கள் வழியே ஆள் சேர்க்கப்பட்டது. சேர்க்கப்பட்டோருள் பெரும்பகுதியினர் பட்டியல் சாதிக் குடும்பத்தினர் என ஆய்வறிக்கைகள் பதிவு செய்கின்றன.

பெயரிலேயே வரதட்சணையின் தேவை வெளிப்படையாக இருந்தது. வரதட்சணையோ 1961 முதல் சட்டப்படி குற்றம். திருமணத்தை முன்வைத்துப் பெண்ணுக்கு உதவும் எண்ணம் ஆலைகளுக்கு மட்டும் உரியதும் அன்று. தமிழ்நாடு அரசின் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் 1989இல் தொடங்கியது. 2022இல்தான் அது உயர்கல்வி உதவியாக, புதுமைப் பெண் திட்டமாக மாற்றப்பட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. ஒன்று கல்வித் தகுதியை நிபந்தனையாக்கிய அரசு நலத்திட்டம், மற்றது கூலிக்கு வேறு பெயர் சூட்டிய ஏற்பாடு. ஆயினும் இரண்டும் பேசிய மொழி ஒன்றாக இருந்ததால், ஆலையின் அழைப்பு பெற்றோருக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

ஆலை உரிமையாளர்களின் வாதத்தைப் புறந்தள்ளுவது ஆய்வுக்கு அழகன்று. விடுதி இல்லாவிட்டால் வெளிமாவட்டப் பெண்களுக்கு வேலையே கிடைத்திராது. வெளியே அனுப்புவதில்லை என்ற உறுதியைப் பெற்றோரே கேட்டனர். கையில் மாதச் சம்பளமாகக் கொடுத்தால் வீட்டில் கரைந்துவிடும், மொத்தமாகக் கொடுத்தால் பெண்ணுக்கே நிற்கும் என்று அவர்கள் கூறிவந்துள்ளனர். இவற்றில் உண்மையின் கூறு உண்டு. சிக்கல் இவ்வாதங்கள் எதைக் கேட்காமல் விடுகின்றன என்பதில் இருக்கிறது. கூலி வழங்கல் சட்டம், 1936, கூலிக் காலம் ஒரு மாதத்தைத் தாண்டலாகாது என்றது. கழிவுகளுக்கும் எல்லை வகுத்தது. மூன்று ஆண்டுக் கூலியின் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பதற்கு அச்சட்டத்தில் இடமிருக்கவில்லை. எனவே அது கூலி அன்று, ஊக்கத்தொகை என விளக்கப்பட்டது. கொடுக்கப்பட்ட மாதத் தொகை குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இருந்தால், அது தொழிலாளரின் கூலி அன்று, பழகுநரின் உதவித்தொகை என விளக்கப்பட்டது.

இங்குதான் முழு ஏற்பாடும் தங்கியிருந்தது. தொழில் பழகுநர் சட்டம், 1961, அதன் 18ஆம் பிரிவில் பழகுநரைப் பயிற்சி பெறுபவராகக் கொள்கிறது, தொழிலாளராகக் கொள்வதில்லை. உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தொழிற்சாலைச் சட்ட விதிகள் அவருக்குப் பொருந்தின. பிற தொழிலாளர் சட்டங்கள் பொருந்தா. முறையான பாடத்திட்டமும் பதிவும் கொண்ட பயிற்சிக்கென எழுதப்பட்ட விலக்கு, ரிங் பிரேமில் முழு உற்பத்தி தரும் பெண்ணுக்கும் நடைமுறையில் விரிக்கப்பட்டது. அறுந்த இழையை ஒட்டக் கற்பதற்குச் சில மாதங்கள் போதும். மூன்று ஆண்டுகள் தேவைப்படுவதில்லை என்பதை எந்தச் சைடரும் அறிவார். 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளரை நிரந்தரமாக்கும் தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டமும், தொழிற்சங்க உறுப்பினர் தகுதியும், பணிநீக்க வழக்கும் தொழிலாளர் என்ற சொல்லின் வழியாகவே அவரை அடைய முடியும். அச்சொல் மறுக்கப்பட்டதும் இவை அனைத்தும் எட்டாதவை ஆயின.

ஏட்டில் இதற்கான மாற்று மருந்தும் இருந்தது. மக்கள் சனநாயக உரிமைக் கழகம் எதிர் இந்திய ஒன்றியம் (1982) வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என உச்ச நீதிமன்றம் கூறியது. பசியும் வறுமையும் தரும் நெருக்கடியும் கட்டாயம்தான் என்று அத்தீர்ப்பு விரித்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமோ 1976 முதல் உள்ளது. ஆனால் கொத்தடிமை என்றால் முன்கடன் வாங்கியவர் என்பதே நிர்வாகத்தின் பழகிய படிமம். சுமங்கலித் திட்டத்தில் கடன்பட்டவர் ஆலைதான். பெண்ணுக்குத் தரவேண்டிய பணம் ஆலையிடம் இருந்தது. வாங்கிய கடன் ஒருவரைக் கட்டுவதுபோல் வரவேண்டிய கூலியும் கட்டும் என்பதைப் பழைய படிமத்தால் காண இயலவில்லை.

ஐரோப்பாவுக்குச் சென்ற செய்தி

உள்ளூர் உரிமை அமைப்புகள் பல ஆண்டுகள் கூறிவந்ததை உலகின் கவனத்துக்குக் கொண்டுசென்றவை ஐரோப்பிய அறிக்கைகள். நெதர்லாந்தின் சோமோ என்னும் ஆய்வு நிறுவனம், இந்திய நெதர்லாந்துக் குழுவுடன் இணைந்து 2011 மே மாதத்தில் பருத்தியில் சிறைப்பட்டோர் என்ற பொருளுடைய அறிக்கையை வெளியிட்டது. 2012, 2014 ஆண்டுகளில் தொடர் அறிக்கைகள் வந்தன. விடுதியை விட்டு வெளியே செல்லும் உரிமை, கைப்பேசி, நீண்ட வேலை நேரம், வயது ஆகியவை அவற்றின் மையம். ஐரோப்பிய நிறுவனங்கள் திட்டத்தை ஏற்கமாட்டோம் என அறிவித்தன. இதன்பின் சுமங்கலி என்ற பெயர் விளம்பரத் தாள்களிலிருந்து மெல்ல மறைந்தது. விடுதிமுறை மறையவில்லை. தமிழ்நாடு அரசு 2014இல் இயற்றிய பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டம் பதிவையும் காப்பாளரையும் வலியுறுத்தியது. விடுதி ஒழுங்கானதா என்று அது கேட்டது. தங்குபவர் விரும்பும்போது வெளியே போகலாமா என்ற கேள்வி அரசமைப்பின் 19ஆம் உறுப்பைச் சார்ந்தது. அதை எழுப்பவேண்டிய இடம் வேறு.

ஐரோப்பாவில் தன்விருப்ப அறிவிப்புகளின் போதாமை வேறொரு துயரத்தால் வெளிப்பட்டது. 2012 செப்டம்பரில் கராச்சியின் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஏற்பட்ட தீயில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் முதன்மை வாடிக்கையாளரான ஜெர்மானிய நிறுவனத்தின் மீது பாதிக்கப்பட்டோர் டார்ட்மண்ட் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, பாகிஸ்தானியச் சட்டப்படி காலங்கடந்தது என 2019இல் தள்ளுபடியானது. 2013இன் ராணா பிளாசா இடிபாடும் சேர்ந்து அழுத்தம் பெருகியது. பிரான்சு 2017இல் விழிப்புக் கடமைச் சட்டத்தை இயற்றியது. ஜெர்மனியின் நாடாளுமன்றம் 2021 சூனில் வழங்கல் சங்கிலிச் சட்டத்தை ஏற்றது. 2023 சனவரி 1 முதல் 3,000 பணியாளருக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கும், 2024 முதல் 1,000 பணியாளருக்கு மேற்பட்டவற்றுக்கும் அது பொருந்தியது.

சங்கிலியின் எத்தனையாவது கண்ணி

துடியலூர்ச் சாலையிலிருந்து பார்த்தால் இச்சட்டத்தின் உறுதியும் ஓட்டையும் ஒருசேரத் தெரியும். கட்டாய உழைப்பு, சிறார் உழைப்பு, சங்க உரிமை மறுப்பு, உரிய கூலி மறுப்பு ஆகியவை சட்டம் எண்ணிக் கூறும் இடர்களில் உள்ளன. தொழிலாளரும் பிறரும் புகார் தெரிவிக்க வழி இருக்கவேண்டும் (8ஆம் பிரிவு). பெரிய நிறுவனங்களுக்கு ஆண்டு விற்றுமுதலில் 2 விழுக்காடு வரை தண்டம் விதிக்கலாம். ஆனால் சட்டம் இடுவது முயற்சிக் கடமையே. விளைவுக்கு உத்தரவாதம் அன்று. கடமையை மீறியதற்காகத் தனி உரிமையியல் பொறுப்பு எழாது எனவும் அதுவே கூறுகிறது.

இவற்றினும் முக்கியமானது நேரடி வழங்குநர், மறைமுக வழங்குநர் என்ற பிரிப்பு. ஜெர்மானிய நிறுவனம் ஆடையை வாங்குவது திருப்பூர் ஏற்றுமதியாளரிடம். அவருக்குத் துணி தருவது பின்னலாலை. பின்னலாலைக்கு நூல் தருவது கோவை அல்லது திண்டுக்கல் நூற்பாலை. சட்டத்தின் பார்வையில் நூற்பாலை மறைமுக வழங்குநர். அங்கே இடர் ஆய்வு செய்யும் கடமை, மீறல் நிகழக்கூடும் எனக் காட்டும் ஆதாரமுள்ள தகவல் நிறுவனத்தை எட்டும்போதே எழும் (9ஆம் பிரிவு). அத்தகவலை யார் அனுப்புவது? விடுதியில் கைப்பேசி கட்டுப்படுத்தப்பட்ட, தன் நூல் எந்த நாட்டுக்குச் சட்டையாகப் போகிறது என்று அறியாத பெண்ணிடமிருந்தே அது புறப்படவேண்டும். திருப்பூரின் தையல் கூடத்துக்குப் பலமுறை வரும் தணிக்கையாளர், சங்கிலியில் இரண்டு கண்ணி தள்ளியுள்ள நூற்பாலைக்கு வரவேண்டிய கட்டாயம் இல்லை.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொழிலாளர் என்ற சொல் ஆற்றிய வேலையை 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் நேரடி வழங்குநர் என்ற சொல் ஆற்றுகிறது. இரண்டிலும் உரிமை எழுதப்பட்டுள்ளது; அதை அடையும் வாயில் வரையறைப் பிரிவில் உள்ளது. ஜெர்மானியச் சட்டத்தை ஏட்டுச் சட்டம் என ஒதுக்குவதும், கொங்குப் பெண்களை அது மீட்கும் எனப் பாராட்டுவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

வேறொரு வழியும் இதே காலத்தில் தோன்றியது. திண்டுக்கல் வட்டாரத்தில் 2021 சனவரியில் ஆடைத் தொழிற்சாலைப் பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து நடந்த போராட்டத்தின் பயனாக, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் உடன்பாடு கையெழுத்தானது. பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் காமன் லேபர் யூனியன், ஆலை நிறுவனம், ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகள் ஆகியவற்றுடன், ஆடை வாங்கும் சுவீடன் நிறுவனம் ஒன்றும் தனி ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டது. பாலின வன்முறைக்கு எதிரான இவ்வுடன்பாட்டில் கண்காணிப்போர் தொழிலாளருள்ளிருந்தே பயிற்றப்படுகின்றனர். வெளித் தணிக்கையாளரின் ஆண்டு வருகைக்காக அது காத்திருப்பதில்லை. ஒரு சங்கம் கையெழுத்திட்ட இடத்தில் அதன் உறுப்பினர் தொழிலாளரா என்ற கேள்வி முன்னரே தீர்ந்துவிடுகிறது. சங்கம் நுழையாத நூற்பாலை விடுதிகளுக்கு இவ்வழி இன்னும் திறக்கவில்லை.

ஜெர்மானியச் சட்டத்தின் நிலையும் உறுதியாக இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பொது நெறியுரை ஒன்றை ஏற்றது. அடுத்த ஆண்டே அதன் நடைமுறைக் காலத்தைத் தள்ளிவைத்தது. 2025இல் அமைந்த ஜெர்மானியக் கூட்டணி, தன் நாட்டுச் சட்டத்தை விலக்கி ஐரோப்பிய நெறியுரையின்படி வேறொன்றைக் கொணர்வதாக உடன்பாட்டில் அறிவித்தது. இந்தியாவில் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு மாற்றாக 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பின் 43ஆம் பிரிவு, பெண்கள் இரவில் தம் இசைவுடன் பணிபுரியலாம் என்கிறது. விடுதியில் தங்கி, பழகுநர் என்ற பெயரில், மூன்றாண்டு முடிவில் வரும் தொகைக்காகக் காத்திருக்கும் ஒருவர் தரும் இசைவை எவ்வாறு அளவிடுவது என்பது குறித்து அப்பிரிவு எதுவும் கூறவில்லை.